பேசப் போனவருக்கு யார் துணை?

கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது சுண்ணாம்புக்குளம். கிழக்கே பழவேற்காடு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. நமக்கு வாய்த்தது தென்கோடித் துண்டு மட்டும். தண்ணீரில் எல்லைக்கல் நட முடியாது என்பதால் ‘இது எங்கள் இடம்’ என்ற தகராறு இரு கரைக்கும் பழகிப்போன ஒன்று. படகையும் ஆளையும் பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சண்டை முற்றினால் முதலில் கிளம்புவது போலீஸ் அல்ல. அக்கரையில் நாலு பேரைத் தெரிந்த, தெலுங்கில் பேசக்கூடிய ஊர்ப் பெரியவர். தாசில்தார் முன்னிலையில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தையெல்லாம் பிறகுதான். அந்தப் பெரியவருக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. தவறாக ஒரு வார்த்தை விட்டால் இரண்டு கரைக்கும் அவர்தான் குற்றவாளி.

இது ஏரிக்கரைச் சங்கதி மட்டுமல்ல. 2000 ஜூலை 30 இரவு, தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றபோது, இரண்டு மாநில அரசுகள் தேடிப் பிடித்த தூதர் ஒரு பத்திரிகை ஆசிரியர். 1997-ல் கர்நாடக வனத்துறை ஊழியர்களை வீரப்பன் பிடித்து வைத்தபோதும் தூது போன அதே நக்கீரன் கோபால். பழ. நெடுமாறன், பேராசிரியர் கல்யாணி, கோ. சுகுமாரன் ஆகியோரும் காட்டுக்குப் போனார்கள். 108 நாட்களுக்குப் பிறகு ராஜ்குமார் உயிரோடு திரும்பினார். கோபாலோ 2003-ல் பொடா சட்டத்தில் கைதானார். வழக்கின் நியாய அநியாயம் தனிக்கதை. ஆனால் அரசு அனுப்பித்தான் போனேன் என்று காட்ட, ஒரு தூதரின் கையில் என்ன இருக்கிறது?

பேச்சு கைகூடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2002 ஆகஸ்டில் வீரப்பன் கடத்திய கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா, டிசம்பரில் சடலமாகத்தான் கிடைத்தார்.

2012 ஏப்ரல் 21-ல் சத்தீஸ்கரின் சுக்மா மாவட்ட ஆட்சியர், நெல்லைக்காரரான அலெக்ஸ் பால் மேனனை மாவோயிஸ்டுகள் கடத்தினார்கள். அவருடைய பாதுகாவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். மாவோயிஸ்டுகள் தரப்பில் பி.டி. சர்மா, பேராசிரியர் ஹரகோபால். அரசுத் தரப்பில் நிர்மலா புச், எஸ்.கே. மிஸ்ரா. ஓய்வுபெற்ற அதிகாரிகளும் ஒரு பேராசிரியருமாக உட்கார்ந்து பேசி, மே 3-ல் அவரை மீட்டார்கள். ஒடிசாவின் மல்காங்கிரி ஆட்சியர் வினீல் கிருஷ்ணா 2011-ல் கடத்தப்பட்டபோதும் தூது போனவர் ஹரகோபால்தான். ஒவ்வொரு முறையும் அதே ஆளைத் தேடி ஓடுகிறோம் என்றால், நம்மிடம் மனிதர்கள் இருக்கிறார்கள், முறை இல்லை என்றுதான் பொருள்.

முறை எப்படிப் பிறக்கும்? 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் விளையாட்டு வீரர்கள் கொல்லப்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு நியூயார்க் போலீஸ் யோசிக்கத் தொடங்கியது. ஹார்வி ஷ்லாஸ்பெர்க் உளவியல் படித்த துப்பறிவாளர். ஃபிராங்க் போல்ஸ் களத்தில் ஊறிய அதிகாரி. இருவரும் சேர்ந்து 1973-ல் பேச்சுவார்த்தைக் குழுவை உருவாக்கினார்கள். பேசுகிறவர் உத்தரவு போடக்கூடாது, உத்தரவு போடுகிறவர் பேசக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. முடிவு தன் கையில் இல்லை என்று பேசுகிறவர் உண்மையாகவே சொல்லலாம். அதில் நேரம் கிடைக்கும், நேரம் போகப் போக ஆத்திரம் தணியும். பின்னாளில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படிப் பேசப் போகிறவர்களுக்கென்று சங்கங்கள் அமைந்தன. சங்கம் என்றதும் சம்பள உயர்வுக் கோஷம் நினைவுக்கு வர வேண்டாம். ஒருவர் பட்ட அனுபவத்தை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அங்கே முக்கிய வேலை.

கற்றுக்கொடுக்க வேண்டிய அனுபவத்துக்கு இங்கேயும் பஞ்சமில்லை. செல்போன் டவரில் ஏறித் தற்கொலை மிரட்டல் விடுப்பவர் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. கீழே நின்று கெஞ்சுபவர் உள்ளூர் இன்ஸ்பெக்டர், அல்லது ஒரு தீயணைப்பு வீரர். பலரைக் காப்பாற்றியிருக்கிறார்கள், எப்படி என்று எழுதி வைத்தவர் யார்? சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சினேகா அமைப்பு, பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்கத் தன்னார்வலர்களைப் பழக்குகிறது. தூதருக்கு வேண்டிய முதல் பாடம் அதுதான்.

வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் போலீஸ் அகாடமி இருக்கிறது. காட்டுக்குப் போனவர்கள், டவருக்குக் கீழே நின்றவர்கள், ஏரிக்கரைப் பெரியவர்கள் எல்லோரையும் அங்கே ஒரு கூரையின் கீழ் கூட்டி, இவர்களுக்கு ஒரு சங்கத்தை அரசே தொடங்கி வைக்கலாம். தூது போகிறவர் கையில் எழுத்துபூர்வமான உத்தரவும், போய்வந்த பிறகு வழக்கிலிருந்து பாதுகாப்பும், உயிருக்குக் காப்பீடும் இருக்க வேண்டும். அடுத்த கடத்தல் நடந்த பிறகு ஆள் தேடாமல், உள்துறை இதை இப்போதே செய்யட்டும்.