கோழிநோயின் பாடபேதம்

நோய்க்கு ஊரின் பெயரை இடும் வழக்கம் எனக்கு என்றுமே உவப்பானதன்று. நம்மவர் ‘இராணிக்கெட்’ என்று சொல்லி அஞ்சும் கோழிக் கொள்ளைநோயை ஆங்கில நூல்கள் ‘நியூகாசில் நோய்’ என்கின்றன. முன்னது இமயச் சாரலில் குமாவுன் மலைநாட்டு ஊர். பின்னது இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள துறைமுகம். 1926இல் அத்துறைமுகத்தின் அருகே கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அதே ஆண்டில் யாவாத் தீவிலும் மடிந்தன. சிறிது காலத்தின் பின் இராணிக்கெட்டிலும். நோயைக் கண்டெழுதிய ஊரைப் பெயர் சொல்லும். அது பிறந்த ஊரைச் சொல்லாது.

பிறப்பை அறிய இன்று வேறு வழியுண்டு. இந்நோய் வைரசின் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ 15,000 எழுத்துக்களாலான ஓர் ஆர்.என்.ஏ இழை. படியெடுக்குந்தோறும் அதிற் பிழைகள் நேரும். சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் ஏடுகளை ஒப்புநோக்கிய வரலாற்றை அறிந்த வாசகருக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. ஒரே பிழையைத் தாங்கிய இரண்டு ஏடுகளுக்கு மூலம் ஒன்றென்று கொள்கிறோமல்லவா? நாடுதோறும் எடுத்த வைரசுகளின் உறவையும் ஆய்வாளர் அவ்வாறே துணிகின்றனர்.

இதன் பயனை அவுஸ்திரேலியாவிற் காணலாம். 1930களின் தொடக்கத்தில் விக்டோரியா மாநிலத்திற் பரவிய கொடிய நோய் ஒழிக்கப்பட்டபின், அந்நாடு நெடுங்காலம் நிம்மதியாயிருந்தது. 1998இல் சிட்னிப் புறநகரிலும், 1999இல் மாங்குரோவ் மவுண்டன் பகுதியிலும் அது மீண்டும் வெளிப்பட்டது. பின்னைய இடத்தில் மாத்திரம் இருபது இலட்சத்துக்கு அண்மித்த கோழிகளைக் கொன்று புதைக்க நேர்ந்தது. இத்தகைய வேளையில் எவருக்கும் முதலில் எழும் ஐயம் அயல்நாட்டின் மீதே. பறவை கொண்டுவந்ததோ, கப்பல் கொண்டுவந்ததோ என்று தேடத் தோன்றும்.

எழுத்துக்களை ஒப்பிட்டபோது விடை வீட்டினுள்ளேயே கிடைத்தது. பீற்ஸ் ரிட்ஜ் என்ற இடத்தில், பெருந்தீங்கு செய்யாத உள்நாட்டு வைரசு ஒன்று ஏலவே கண்டறியப்பட்டிருந்தது. கொடிய வைரசு அதன் வழித்தோன்றல். கொடுமைக்குக் காரணமான வேறுபாடு இரண்டே எழுத்துக்கள்!

இரண்டெழுத்து இத்துணை அழிவைச் செய்தல் எங்ஙனம்? வைரசின் மேலுறையில் ஒரு புரதமுண்டு. அது வெட்டப்பட்டாலன்றி வைரசு தொற்றும் வலிமை பெறாது. சாதுவான வகையின் புரதத்தைச் சுவாசப் பாதையிலும் குடலிலுமுள்ள சில நொதியங்களே வெட்டவல்லன. ஆதலின் தொற்று அவ்விடங்களோடு அடங்கிவிடும். அவுஸ்திரேலிய வைரசில் வெட்டுமிடத்தருகே கிளைசீன் நின்ற இடத்தில் ஆர்ஜினீனும், லியூசீன் நின்ற இடத்தில் பீனைலலனீனும் வந்தன. உடலின் கலங்கள் அனைத்திலுமுள்ள நொதியங்களுக்கு இப்போது அதனை வெட்டுதல் இயலும். மூளை உட்பட எவ்வுறுப்பும் தப்பாது.

துறைமுகக் காவல் எத்துணை இறுக்கமாயினும் இத்தகைய விகாரத்தைத் தடுக்காது. கொடிய வைரசை ஒழித்தாலும், சாதுவான முன்னோடி பண்ணைகளில் உலவும்வரை அதே விபத்து மீண்டும் நேரலாம். எனவே கொன்று புதைத்தலோடு நில்லாமல் தடுப்பூசியையும் அந்நாட்டினர் கைக்கொண்டனர். அதற்குப் பயன்பட்ட ‘வீ-4’ என்னும் வகையும் அந்நாட்டினதே. 1966இல் குயின்ஸ்லாந்தில் நோயற்ற கோழிகளிலிருந்து எடுக்கப்பட்டது. வெப்பந்தாங்கும் அதன் வழிவந்த வகையொன்றைத் தீனியிற் கலந்து ஊர்க்கோழிகளுக்குக் கொடுக்கும் முறையை மலேசியாவில் 1980களிலேயே சோதித்துப் பார்த்திருக்கின்றனர்.