ஒரு மிதியில் நான்கு மாற்றங்கள்: கிட்டார் மேடையில் மிடி

மின்கிட்டாரின் கம்பி அதிர்ந்து, அதன் கீழுள்ள பிக்கப் என்னும் காந்தச் சுருளில் மின்னலையாக மாறிய பின், அந்த அலை ஆம்ப்ளிஃபயரைச் சென்றடைவதற்குள் பல கருவிகளைக் கடந்து செல்கிறது. ஒலியைச் சிதைத்துக் கரகரப்பூட்டும் டிஸ்டார்ஷன், வாசித்ததையே சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கச் செய்யும் டிலே, பெரிய கூடத்தின் முழக்கத்தைத் தரும் ரிவெர்ப் என அவை ஒவ்வொன்றும் ஒரு பெடலாக வாசிப்பவரின் காலடியில் வரிசைகொள்கின்றன. சரணம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் டிலேயை நிறுத்தி, ரிவெர்பை மாற்றி, டிஸ்டார்ஷனை இயக்கி, ஆம்ப்ளிஃபயரின் சேனலையும் மாற்ற வேண்டுமானால் நான்கு மிதிகள் தேவைப்படும். அதற்குக் கிடைப்பதோ ஒரு தாள எண்ணிக்கைக்கும் குறைவான நேரம். அந்த நான்கையும் ஒரே மிதியாக்குவதற்கு வந்ததே மிடி கண்ட்ரோலர்.

பொத்தான்கள் எத்தனை, திரை எவ்வளவு பெரியது என்று பார்த்தே பெரும்பாலோர் இக்கருவியை வாங்குகின்றனர். எனினும் ஒரு கண்ட்ரோலரின் தகுதி, ஒரு மிதிக்கு அது பெடல்களுக்குக் கட்டளையாக எந்தெந்தச் செய்திகளை, எத்தனை, எந்தக் கணத்தில் அனுப்பும் என்பதில்தான் இருக்கிறது. ஆகையால் செய்திகளை முதலில் எழுதிக்கொண்டு, அவற்றை அனுப்பக்கூடிய கருவியைப் பிறகு தேடுவதே சரியான முறை. அதற்கு மிடி என்பது எவ்வாறு இயங்குகிறது என்று ஓரளவேனும் தெரிந்திருக்க வேண்டும்.

மிடி கிட்டாருக்காகப் பிறந்ததன்று. 1981இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் கழகத்தின் கூட்டத்தில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் சேட் வுட்டும், வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒரு பொது இணைப்புமுறை வேண்டும் என முன்மொழிந்தனர். ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி ஜப்பானிய நிறுவனங்களை இம்முயற்சியில் ஒன்றுசேர்க்க, மிடி உருவானது. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த ‘நாம்’ (NAMM) என்னும் இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், போட்டி நிறுவனங்களான சீக்வென்ஷியல், ரோலண்ட் இரண்டின் விசைக்கருவிகளும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டு, ஒன்றில் வாசித்தது மற்றொன்றில் ஒலித்தது. அந்த 1980களிலேயே ரேக் எனப்படும் அடுக்குப் பெட்டிகளில் பொருத்தப்பட்ட டிலே, ரிவெர்ப் கருவிகளில் மிடி நுழைந்ததும், லாஸ் ஏஞ்சலிஸின் பாப் பிராட்ஷா போன்ற வல்லுநர்கள் அவற்றைக் காலால் இயக்கும் அமைப்புகளைக் கிட்டார் கலைஞர்களுக்கு உருவாக்கத் தொடங்கினர்.

மிடிக் கம்பி ஒலியைச் சுமப்பதில்லை. அதில் செல்பவை எண்கள் மட்டுமே. வினாடிக்கு 31,250 பிட் என்ற வேகத்தில் அவை செல்கின்றன. ஒரு மெகாஹெர்ட்ஸை 32ஆல் வகுத்தால் கிடைப்பது இந்த எண். அக்காலத்து மலிவான சிப்புகளே எளிதில் உண்டாக்கக்கூடிய வேகமாக இது அமைந்தது. எட்டு பிட் கொண்ட ஒரு பைட்டுடன் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க இரு பிட்டுகள் சேர்வதால், ஒரு பைட் சென்றுசேர 320 மைக்ரோ வினாடி ஆகும். பெறும் கருவியினுள் ஆப்டோகப்ளர் என்னும் சிற்றுறுப்பு உள்ளது. வரும் மின்னோட்டம் அதிலுள்ள விளக்கை ஒளிரச் செய்ய, எதிரேயுள்ள ஒளியுணர்வி அந்த ஒளியைக் கண்டு மீண்டும் மின்குறியாக்குகிறது. இதனால் இரு கருவிகளுக்கும் இடையே நேரடி மின்தொடர்பு இல்லாமலே செய்தி கடந்துவிடுகிறது. மில்லிவோல்ட் அளவிலான பிக்கப் ஒலியைப் பன்மடங்கு பெருக்கும் கிட்டார் அமைப்பில், தரையிணைப்புச் சுழற்சியால் எழும் ரீங்காரத்தை மிடிக் கம்பி கூட்டாமல் இருப்பதற்கு இந்தச் சிறிய ஏற்பாடே காரணம்.

ஒரு செய்தியின் முதல் பைட், அது எவ்வகைக் கட்டளை என்பதையும் சேனல்கள் எனப்படும் பதினாறு முகவரிகளில் எதற்குரியது என்பதையும் சொல்கிறது. மேடையிலுள்ள ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு சேனல் எண் தரப்பட்டால், ஒரே கம்பியில் எல்லாச் செய்திகளும் ஓடினாலும் ஒவ்வொன்றும் தனக்குரியதை மட்டும் ஏற்றுக்கொள்ளும். முதல் பைட்டின் உயர்நிலை பிட் எப்போதும் 1 ஆகவும், தொடர்ந்து வரும் பைட்டுகளில் அது 0 ஆகவும் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மதிப்புகளைச் சொல்ல ஏழு பிட்டுகளே எஞ்சுகின்றன. மிடி உலகில் எங்கு நோக்கினும் 0 முதல் 127 வரையிலான எண்களே தென்படுவதற்குக் காரணம் இதுவே.

கிட்டார் கலைஞருக்கு முதன்மையாக வேண்டியவை இரண்டு வகைச் செய்திகள். புரோகிராம் சேஞ்ச் என்பது, கருவியில் முன்பே சேமிக்கப்பட்ட அமைப்புகளுள், அதாவது பிரீசெட்டுகளுள், ஒன்றை எண்ணால் அழைப்பது. கண்ட்ரோல் சேஞ்ச் என்பது, அழைத்த பிரீசெட்டுக்குள்ளேயே ஏதேனும் ஒரு குமிழையோ பொத்தானையோ மாற்றுவது. எந்தக் குமிழ் என்பதற்கு ஓர் எண்ணும், எந்த அளவு என்பதற்கு ஓர் எண்ணும் அதில் இருக்கும். பிரீசெட்டுகள் 128க்கு மேற்பட்டால், பேங்க் எனப்படும் தொகுதி எண்ணையும் முதலில் அனுப்ப வேண்டும். ஸ்ட்ரைமன் நிறுவனத்தின் டைம்லைன் என்னும் டிலே பெடலில் 200 பிரீசெட்டுகள் உள்ளன. அவற்றுள் முதல் 128 பூஜ்யம் என்ற பேங்கிலும், மீதி 72 ஒன்று என்ற பேங்கிலும் அடங்குகின்றன. பேங்க் எண்ணை அனுப்ப மறந்தால், கருவி தான் இருந்த பேங்கிலேயே அந்த எண்ணைத் தேடி வேறொரு பிரீசெட்டை எடுத்துவிடும். கம்பியில் செல்லும் எண் 0இல் தொடங்க, சில கருவிகளின் திரை மட்டும் 1இல் தொடங்குவதால் ஒன்று தள்ளிப்போகும் பிழையும் வெகு சாதாரணம். புதிதாக இணைத்தவுடன் முதல் பிரீசெட்டை அழைத்துப் பார்த்து இவ்விரண்டையும் தெளிந்துகொள்வது பல மணி நேரக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

இவ்விரு செய்திகளுள் எதை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் நிரலமைப்பின் நுட்பம் தொடங்குகிறது. பிரீசெட்டை மாற்றும்போது கருவி தன் கணக்கீட்டுப் பாதையை முழுவதுமாக மாற்றியமைக்க நேரலாம். அப்போது ஒலி ஒரு கணம் அறுபடுவதும், ஓடிக்கொண்டிருந்த டிலேயின் வால் பாதியில் வெட்டுப்படுவதும் உண்டு. ஆம்ப்ளிஃபயரையும் பெடல்களையும் கணினி வழியே போலச்செய்யும் மாடலர் கருவிகளில் இது இன்னும் தெளிவாகக் கேட்கும். லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸில் ஸ்நாப்ஷாட் என்றும், பிற கருவிகளில் சீன் என்றும் ஓர் ஏற்பாடு வந்ததற்கு இதுவே காரணம்: பிரீசெட் மாறாமல், அதற்குள் இருக்கும் எல்லாக் குமிழ்களின் நிலையும் ஒருசேர மாறும். ஹீலிக்ஸில் 69ஆம் எண் கண்ட்ரோல் சேஞ்சுக்கு 0 முதல் 7 வரையிலான மதிப்புகளை அனுப்பி எட்டு ஸ்நாப்ஷாட்டுகளையும் அழைக்கலாம். பாடலுக்குப் பாடல் மாறுகையில் புரோகிராம் சேஞ்ச், பாடலுக்குள் மாறுகையில் கண்ட்ரோல் சேஞ்ச் என்ற பிரிவினையே பெரும்பாலான மேடைகளுக்கு நன்கு பொருந்தும்.

அடுத்து, மிகுந்த கவனம் வேண்டுவது மாற்றுநிலைப் பொத்தான். ஒரு மிதிக்கு 127, மறு மிதிக்கு 0 என மாறிமாறி அனுப்பி ஒரு விளைவை இயக்கவும் நிறுத்தவும் செய்யும் இவ்வமைப்பை டாகிள் என்பர். மிடிக் கம்பி ஒருவழிப் பாதையாதலால், தான் அனுப்பிய கட்டளைக்குப் பின் பெடலில் என்ன நடந்தது என்பதைக் கண்ட்ரோலர் அறியாது. டிலே ஏற்கெனவே இயங்கும் நிலையில் சேமிக்கப்பட்ட ஒரு பிரீசெட் அழைக்கப்பட்டால், கண்ட்ரோலரின் விளக்கு அணைந்திருக்க, டிலே ஒலித்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்த மிதித்தால் மீண்டும் 127ஏ செல்லும். மேடையில் இக்குழப்பம் நேர்ந்தால் அதைச் சீர்செய்ய அவகாசம் இருக்காது. பல்லவி, சரணம், தனி வாசிப்பு எனப் பாடலின் பகுதிகளுக்கென ஒதுக்கிய பொத்தான்களில் டாகிளை அறவே தவிர்த்து, ஒவ்வொரு பெடலும் எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதை 127 அல்லது 0 என்று ஐயமின்றிச் சொல்லிவிட வேண்டும். அப்போது எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்குத் தாவினாலும் ஒலி சரியாகவே அமையும். தவறி இருமுறை மிதித்தாலும் கெடுதல் இல்லை. மதிப்பு எதுவாயினும் நிலையை மாற்றிவிடும் பெடல்களும் சந்தையில் உண்டு என்பதால், வாங்குமுன் கையேட்டின் மிடிப் பகுதியைப் படிப்பது அவசியம்.

இக்காலக் கண்ட்ரோலர்கள் ஒரே பொத்தானுக்கு அழுத்தல், விடுத்தல், நீண்ட அழுத்தல், இரட்டை அழுத்தல் எனப் பல செயல்களை அளிக்கின்றன. ஆறு பொத்தான்கள் இருபதுக்கும் மேற்பட்டவற்றின் வேலையைச் செய்யும் என்ற விளம்பரத்தில் உண்மை உண்டு. ஆயினும் அதற்கு ஒரு விலையும் உண்டு. பொத்தானை அழுத்திய கணத்தில், அது குறுகிய அழுத்தலா நீண்ட அழுத்தலா என்பதைக் கருவியால் சொல்ல முடியாது. ஆகவே இரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், குறுகிய அழுத்தலுக்கான செய்தி கால் எடுக்கப்படும்வரை காத்திருக்க வேண்டும். இரட்டை அழுத்தலாயின் இரண்டாம் மிதி வருமா என்று பார்க்கவும் சிறிது காத்திருக்க வேண்டும். தாளத்தின் முதல் எண்ணிக்கையில் விழவேண்டிய மாற்றத்துக்கு இத்தாமதம் பொருந்தாது. அத்தகைய பொத்தானுக்கு அழுத்தல் ஒன்றையே வைத்து, ட்யூனர், பேங்க் மாற்றம் போன்ற அவசரமில்லாத பணிகளை நீண்ட அழுத்தலுக்குத் தள்ளுவதே நன்று.

இதனோடு ஒப்பிட்டால், கம்பியின் வேகம் குறித்த கவலை பெரும்பாலும் தேவையற்றது. ஒரு கண்ட்ரோல் சேஞ்ச் மூன்று பைட். ஒரே மிதியில் பதினாறு கண்ட்ரோல் சேஞ்ச் அனுப்பினாலும் 48 பைட், ஏறத்தாழ 15 மில்லி வினாடிதான் ஆகும். ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆம்ப்ளிஃபயரின் ஒலி காதை அடைவதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. செவிக்கு முதலில் புலப்படும் மாற்றத்தைப் பட்டியலின் தொடக்கத்தில் வைத்தால் போதும்.

காலால் சாய்த்து அளவை மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடலில் மட்டும் 128 படிகள் என்ற வரம்பு சில நேரம் காதுக்கு எட்டும். ஒலியளவு போன்றவற்றுக்கு அது தாராளம். ஒலியின் சுருதியையோ அலைவெண்ணையோ பரந்த எல்லையில் நகர்த்தும்போது படிப்படியாக ஏறுவது கேட்கக்கூடும். நகர்வெல்லையைக் குறுக்கினால் அது பெரிதும் மறையும். டிலே நேரம் பாடலின் தாளத்தோடு ஒத்துப்போவதற்கு மிடி கடிகாரம் என்ற ஏற்பாடு இருக்கிறது: ஒரு கால் சுரத்துக்கு, அதாவது ஒரு தாள எண்ணிக்கைக்கு, 24 துடிப்பு வீதம் அது ஓடும். நிமிடத்துக்கு 120 தாள எண்ணிக்கை என்ற வேகத்தில் ஒரு கால் சுரம் 500 மில்லி வினாடியாதலால், கிட்டார் கலைஞர்கள் பெரிதும் விரும்பும் முக்கால் பங்குத் தாமதம் 375 மில்லி வினாடியாகத் தானே அமைந்துவிடும்.

இனித் தேர்வு. பெஹ்ரிங்கரின் எஃப்சிபி1010 நெடுங்காலமாக மலிவான வழியாக இருந்துவருகிறது. பத்துப் பொத்தான்களும் இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல்களும் உடலோடு சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் ஒரு பிரீசெட்டுக்கு ஐந்து புரோகிராம் சேஞ்ச், இரண்டு கண்ட்ரோல் சேஞ்ச் என்பதே அதன் எல்லை. ரேக் கருவிகளின் பிரீசெட்டுகளை அழைப்பதற்கு ஏற்ற இவ்வமைப்பு, ஐந்தாறு பெடல்களைத் தனித்தனியே இயக்கி நிறுத்த விரும்புவோர்க்குப் போதாது. சிங்கப்பூரில் உருவாகும் மார்னிங்ஸ்டார் நிறுவனத்தின் எம்சி6 ஆறே பொத்தான்கள் கொண்டதாயினும், ஒரு பொத்தானுக்குப் பதினாறு செய்திகள் வரை ஏற்கும். மிடியே இல்லாத பழைய பெடல்கள் மிகுதியாக இருந்தால், அவற்றை ஒலிப்பாதையில் சேர்த்தும் விலக்கியும் தரும் லூப் ஸ்விட்சரே முதலில் வேண்டியது. எட்டு லூப்புகள் கொண்ட பாஸ் நிறுவனத்தின் இஎஸ்-8 போன்றவை மிடிச் செய்திகளையும் உடன் அனுப்புகின்றன.

இணைப்பிலும் சில பொறிகள் உண்டு. மிடியின் வழக்கமான ஐந்து முனை வட்ட இணைப்பி பெரிதாக இருப்பதால் பெடல்களில் 3.5 மில்லிமீட்டர் குழிகள் வந்தன. அவற்றில் ஏ வகை, பி வகை எனக் கம்பிகள் தலைகீழாக இணைக்கப்பட்ட இரு முறைகள் பரவின. 2018இல் ஏ வகையே தரமாக அறிவிக்கப்பட்டபோதும் பி வகைக் கருவிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. யுஎஸ்பி குழி மட்டுமே உள்ள இரு பெடல்களை ஒரு கம்பியால் நேரடியாக இணைத்தால் எதுவும் நடக்காது. ஹோஸ்ட் எனப்படும் தலைமைக் கருவி ஒன்று நடுவில் இருந்தாக வேண்டும்.

ஆகவே பணம் செலவிடுமுன் ஒரு தாளில் பாடலின் பகுதிகளை மேலிருந்து கீழாகவும் கருவிகளை இடமிருந்து வலமாகவும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் சேனல், செய்தி, மதிப்பு ஆகிய மூன்றையும் நிரப்ப வேண்டும். ஒரு வரியில் அதிகபட்சமாக எத்தனை செய்திகள் வருகின்றன, ஒரு பாடலுக்கு எத்தனை வரிகள் ஆகின்றன என்ற இரண்டு எண்களே வாங்கவேண்டிய கண்ட்ரோலரைச் சொல்லிவிடும். நான்கு வரிகளுக்குள் அடங்கும் பாடல்களை வாசிப்பவர் பத்துப் பொத்தான் கருவியைச் சுமக்கத் தேவையில்லை. நிரலமைப்பு முடிந்தபின் எல்லாவற்றையும் எடிட்டர் மென்பொருளில் கோப்பாகச் சேமித்து, அக்கோப்பின் ஒரு படியையும் அந்த அட்டவணைத் தாளையும் கிட்டார் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; கண்ட்ரோலர் பழுதாகி வேறொன்றை இரவல் வாங்க நேர்ந்தாலும், அந்தத் தாளைக் கொண்டே எந்த நிறுவனத்தின் கருவியையும் நிரல்படுத்திவிடலாம்.