பொட்டி மேல் போடும் பழி

வட்டவளை ஏற்றத்தில் மழைக்குள் நின்றுபோன பழைய ஹோண்டாவைத் தள்ளிக்கொண்டு ஹட்டன் வந்து சேர்கிறவர், கராஜ் வாசலில் முதலில் சொல்வது இதுதான்: "பாஸ், சி.டி.ஐ. பொட்டி போயிருச்சு." பெரும்பாலும் போயிருக்காது. நம் மலைப்பக்கத்தில் பிளக்குக்குக் கரண்ட் வராவிட்டால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பொட்டியின் முறை கடைசியில்.

பொயின்ட் வைத்த பைக்குகளில் உப்புத்தாள் தேய்த்தே காலம் போனது. கவாசாக்கி 1969இல் தன் 500 சி.சி. எச்1 மொடலில் சி.டி.ஐ. வைத்தது, 1980களில் சின்ன வண்டிகளுக்கும் அது பரவிவிட்டது. வேலை எளிதுதான். மெக்னெட்டுக்குள் இருக்கும் சார்ஜ் கொயில் தரும் மின்சாரத்தைப் பொட்டிக்குள் ஒரு கண்டென்சர் இருநூறு, முந்நூறு வோல்ட்டுக்குச் சேர்த்து வைக்கிறது. பல்சர் கொயில் நேரம் சொன்னதும் மொத்தத்தையும் இக்னிஷன் கொயிலில் கொட்டுகிறது. அங்கே அது பல்லாயிரம் வோல்ட்டாகிப் பிளக்கில் பொறிக்கிறது. பொட்டிக்குள் உரசித் தேய எதுவும் இல்லை. கெடுவது வயர், கனெக்டர், ரப்பர்.

சோதனையைப் பிளக் மூடியில் தொடங்குங்கள். இருட்டிய பிறகு, லயத்துக் கோடியில் வெளிச்சம் இல்லாத இடத்தில் வண்டியை ஓடவிட்டு மூடியைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மயிரிழை மாதிரி நீலப்பொறி ஒன்று மூடியிலிருந்து எஞ்சினுக்குத் தாவும். பகலில் அது கண்ணுக்குப் படாது. பனி இறங்கும் நேரத்தில் வண்டி இருமுவதற்குக் காரணம் அதுதான். மூடியைத் திருகிக் கழற்றி, வயர் நுனி பச்சை பூத்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது. ரெசிஸ்டர் வைத்த மூடியானால் மீற்றரில் ஐயாயிரம் ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் மூடியை வீசிவிடலாம்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதானால் அதன் உலோக உடம்பு எஞ்சினில் நன்றாகப் படட்டும், பிளக் துவாரத்துக்குத் தள்ளியே இருக்கட்டும். அந்தரத்தில் தொங்கவிட்டுக் கிக் அடித்தால் பொட்டிக்கும் ஆபத்து, கைக்கும் அடி.

அடுத்தது சாவி. வீட்டு லைட் சுவிட்சுக்கு நேர்மாறான சங்கதி இது: மெக்னெட்டில் ஓடும் ஹோண்டாக்களில் சாவியை ஓஃப் செய்தால் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர் வண்டியின் பொடியோடு (உலோக உடம்போடு) சேர்ந்து, பொறியைக் கொன்றுவிடும். சாவித் துவாரத்துக்குள் மழைத்தண்ணீர் இறங்கினாலும் அதே கதிதான். அந்த வயரைப் பொட்டிப் பக்கம் கழற்றிவிட்டுக் கிக் அடித்துப் பாருங்கள். பொறி வந்தால் குற்றம் சாவியில். (அப்படி ஸ்டார்ட் ஆன வண்டி சாவிக்கு நிற்காது. கியரில் போட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளச்சை விட்டால்தான் அடங்கும்.)

காலையில் ஒரே கிக்கில் ஓடி, கினிகத்தேனையிலிருந்து ஏறி வந்ததும் நின்று, அரைமணி ஆறியபின் மறுபடி ஓடும் வண்டி வேறு சாதி. மெக்னெட்டுக்குள் இருக்கும் கொயிலில் மெல்லிய கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. சூடேறினால் வாய் பிளக்கிறது, ஆறினால் மூடிக்கொள்கிறது. கராஜில் ஆறப்போட்டு அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். நின்ற இடத்திலேயே, சூட்டோடு அளக்க வேண்டும்.

இன்னொரு ஏமாற்று உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கொழும்போடு பார்த்தால் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் செட் பண்ணிய காபரேட்டர் இங்கே பெற்றோலைக் கூடுதலாக ஊட்டும், பிளக் கரியாகும், வண்டி திணறும். அதற்குக் கொயில் மாற்றிக் காசைக் கரைத்தவர்களில் நானும் ஒருவன்.

இவ்வளவும் பார்த்தபின் பொட்டி. பிசின் ஊற்றி மூடியிருப்பதால் மீற்றர் அதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லாது. அதே மொடலில் ஓடுகிற ஒருவரிடம் பத்து நிமிடத்துக்கு இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். பொறி வந்தாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பொட்டியின் பச்சை வயர் பொடியில் சேரும் ஆணியைத் துரு போகச் சுரண்டி இறுக்கிவிட்டு, பழையதையே இன்னொரு தடவை மாட்டிக் கிக் அடியுங்கள்.