இதயத்தின் கணக்கு வேறு, முழங்காலின் கணக்கு வேறு

முழங்காலில் ஜவ்வு கிழிந்தவருக்கும் சரி, தேய்மானம் என்று கேள்விப்பட்டவருக்கும் சரி, சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை ஒன்றேதான்: "காலுக்கு வேலை கொடுக்காதீங்க." அடிபட்ட முதல் சில நாட்களுக்கு அது நல்ல யோசனைதான். வீக்கம் வடிந்த பிறகும் மாதக்கணக்கில் அதையே பிடித்துக்கொண்டிருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நடையை நிறுத்தினால் முழங்கால் மட்டும் ஓய்வெடுப்பதில்லை. இதயமும் நுரையீரலும் சேர்ந்தே வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தென்மேற்கு இங்கிலாந்தில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2011-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியானது. பொதுமக்களைவிட அவர்களிடையே இறப்பு விகிதம் அதிகமாக இருந்தது. நடக்கும் திறன் எந்த அளவுக்குக் குறைந்திருந்ததோ அந்த அளவுக்கு அபாயமும் ஏறியிருந்தது. நடக்க முடியாததுதான் மரணத்துக்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. வேறு நோய்களாலும் நடை குறைந்திருக்கலாம். ஆனாலும் மூட்டைக் காப்பாற்றப் போய் இதயத்தைக் கைவிடுகிறோமோ என்ற கேள்வியை இனி தள்ளிவைக்க முடியாது.

இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. இதயம் பார்ப்பது, தசைகள் எவ்வளவு ஆக்ஸிஜன் கேட்கின்றன என்பதை மட்டுமே. அந்தத் தசை தொடையில் இருந்தாலும் தோளில் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். முழங்கால் பார்ப்பதோ, தன்மேல் எத்தனை கிலோ அழுத்தம் விழுகிறது, எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதை. ஓடும்போது இந்த இரண்டு கணக்கும் சேர்ந்தே ஏறுவதால், மூச்சு வாங்க வேண்டுமானால் முட்டி அடிபட்டே ஆக வேண்டும் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. இரண்டையும் பிரிக்க முடியும். பிரித்து அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு அளவுமானிகள் பதித்த செயற்கை மூட்டைப் பொருத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே சுற்றிக் கட்டிய கம்பிச்சுருள் வழியாக அதற்கு மின்சாரம் போகும். உள்ளிருந்து ரேடியோ அலையாக அளவுகள் வெளியே வரும். உடம்புக்குள் பேட்டரியே கிடையாது. அதுவரை கணினியில் போட்டுப் பார்த்த உத்தேசக் கணக்குகளுக்குப் பதிலாக, ஒரு மனிதர் படியிறங்கும் அந்த நொடியில் மூட்டின்மேல் விழும் விசையே நேரடியாகக் கிடைத்தது. 2010-இல் அவர்கள் வெளியிட்ட சராசரி உச்ச அளவுகள் இவை: சமதளத்தில் நடந்தால் உடல் எடையைப் போல 2.6 மடங்கு, படியேறினால் சுமார் 3.2 மடங்கு, படியிறங்கினால் சுமார் 3.5 மடங்கு. 70 கிலோ எடையுள்ளவருக்கு நடையில் ஏறத்தாழ 180 கிலோ, படியிறங்குகையில் 240 கிலோ. ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கிறது என்று முட்டி வலிக்காரர்கள் சொல்வது மிகையல்ல.

பிறகு அதே வகை மூட்டோடு சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். நகராத எக்சர்சைஸ் சைக்கிளில் 60 வாட் வேலையில், நிமிடத்துக்கு 40 சுற்று மிதித்தபோது விசை உடல் எடையைப் போல 1.2 மடங்குதான். நம் 70 கிலோக்காரருக்கு அது 85 கிலோகூட இல்லை. அந்த 60 வாட் வேலைக்கு அவர் உடல் கேட்கும் ஆக்ஸிஜனை வழக்கமான உடலியல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், வேகமாக நடப்பதற்கு ஏறத்தாழ இணையாக வருகிறது. இதயத்துக்கு அதே வேலை. முழங்காலுக்குப் பாதிக்கும் குறைவான சுமை. இந்த ஒரு ஒப்பீடே என் வாதத்துக்குப் போதும். ஆனால் சைக்கிள் என்றாலே பத்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்ப்பை ஏற்றி 'டைட்' வைத்து மிதித்தால் மூட்டின் சுமை கூடும். சீட்டைத் தாழ்த்தி வைத்தால் முட்டி அதிகமாக மடங்கி, முழங்கால் சில்லின் பின்புறம் அழுத்தம் ஏறும். பெடல் அடியில் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்கும் உயரமே சரி. எதிர்ப்பைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி மிதிப்பதே முழங்காலுக்கு உகந்த வழி.

தரையில் கால் மோதுவதுதான் எல்லாக் கெடுதலுக்கும் காரணம் என்ற எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் டேரில் டிலிமா குழுவினர் இதே போன்ற மூட்டைக் கொண்டு விளையாட்டுகளை அளந்தபோது, நின்ற இடத்தில் நின்று ஆடும் கோல்ஃப் வீச்சில் முன்காலின் முட்டிமேல் உடல் எடையைப் போல 4 மடங்குக்கும் மேல் விசை விழுந்தது. துள்ளல் இல்லை, ஓட்டம் இல்லை. மூட்டை இறுக்குவதில் பெரும்பங்கு அதைச் சுற்றியுள்ள தசைகளுக்குத்தான். ஜிம்மில் சுகமாகச் சறுக்குவதுபோல் தோன்றும் எலிப்டிகல் கருவியிலும் விசை உடல் எடையைப் போல 2 மடங்குக்கு மேல் இருந்தது. நடையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தண்ணீர் நிஜமாகவே உதவுகிறது. மார்பளவுத் தண்ணீரில் நிற்பவரின் கால் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான். அதில் நடந்தாலே போதும், நீச்சல் தெரிய வேண்டியதில்லை. நீந்துபவர்கள் தவளை நீச்சலை மட்டும் தவிர்ப்பது நல்லது; காலை அகட்டி உதைக்கும்போது முழங்காலின் உட்பக்க ஜவ்வு இழுபடும். எந்தக் காலும் உதவாத நிலையில் கைப்பெடல் இருக்கிறது. அதில் எட்டக்கூடிய உச்சம் காலால் எட்டுவதைவிடக் குறைவு; ஆனாலும் இதயத் துடிப்பை ஏற்ற அது தாராளமாகப் போதும்.

'தேய்ந்த மூட்டை மேலும் அசைத்தால் மேலும் தேயாதா' என்பது நியாயமான பயம். ஓட ஓடத் தேயும் டயராக மூட்டை நினைப்பதால் வரும் பயம் அது. மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. அசைவில் அழுந்தி விரியும்போதுதான் சுற்றியுள்ள மூட்டு நீரிலிருந்து அதற்கு ஊட்டம் போய்ச் சேருகிறது. டொரன்டோவில் ராபர்ட் சால்ட்டர் முயல்களின் குருத்தெலும்பில் சிறு துளையிட்டு, சிலவற்றின் காலை அசையாமல் கட்டிவைத்தார். சிலவற்றைக் கருவியால் மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தார். நன்றாக ஆறியது அசைந்த மூட்டுதான். மனிதர்களிடமும், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டு அலசல் காட்டியது. போட்டி ஓட்டக்காரர்களில் அது 13.3 சதவீதம் என்பதையும் மறைக்கக் கூடாது. அளவுக்கு மீறிய சுமையும் கேடு, சுமையே இல்லாததும் கேடு.

உடற்பயிற்சியால் வலி அப்படியொன்றும் குறைவதில்லையே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அது உண்மைதான். முழங்கால் தேய்மானத்துக்கான பயிற்சிகளை அலசிய 2024-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வில், போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுகையில், 100 புள்ளி அளவுகோலில் வலி சராசரியாகப் பத்துப் புள்ளிக்கும் குறைவாகவே இறங்கியிருந்தது. வலியை ஒழிக்கும் மருந்தாகப் பயிற்சியை விற்பவர்களை நம்ப வேண்டாம். வலி இருந்த அளவிலேயே இருந்தாலும் இதயமும் சர்க்கரைக் கட்டுப்பாடும் தசை வலுவும் மேம்படுகின்றன என்பதே பயிற்சி செய்யப் போதுமான காரணம். எடை குறைந்தால் கூடுதல் லாபமும் உண்டு: 2005-இல் ஸ்டீஃபன் மெஸ்ஸியர் குழு கண்டபடி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது.

பெர்லின் அளவுகள் செயற்கை மூட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடம் எடுக்கப்பட்டவை. ஜவ்வு கிழிந்த இளைஞரின் முட்டிக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கையில் பிசகினாலோ, வீக்கம் தங்கிவிட்டாலோ சைக்கிளில் ஏறுமுன் ஆர்த்தோ டாக்டரைப் பார்க்க வேண்டும். வீக்கத்தை அலட்சியம் செய்யவே கூடாது: மூட்டில் 20, 30 மில்லிலிட்டர் நீர் கூடினாலே தொடையின் உட்புறத் தசை சரியாக இயங்க மறுக்கும் என்று 1980-களிலேயே பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு, பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்ற அளவு மூச்சு வாங்கினால் இதயத்துக்குப் போதும். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் வாரம் 150 நிமிடங்களைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் சேர்க்கலாம். பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி வந்து, அடுத்த நாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. இறங்காவிட்டால் அடுத்த முறை நேரத்தைக் குறைக்க வேண்டும். கூட்டும்போது முதலில் நிமிடங்கள், பிறகு வேகம், எதிர்ப்பு கடைசியில்தான். தண்ணீரும் சைக்கிளும் எலும்புக்கு வேண்டிய சுமையைத் தருவதில்லை என்பதால், முட்டி அனுமதிக்கும் அளவுக்குச் சமதள நடையையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்.