முள்ளுக்காட்டுக்கு எந்த இயந்திரம்?

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் குண்டடம் பக்கம் வந்துவிட்டால் நிலம் இரண்டு வகையாகத் தெரியும். ஒன்று கொறங்காடு. சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடும் மயிலம்பாடி, மேச்சேரி ஆடும் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த மேய்ச்சல் காடு அது. மற்றொன்று, ஆள் நுழைய முடியாதபடி சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்ட நிலம். இந்த இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு வேலிதான் இருக்கிறது. மேய்ச்சலும் உழவும் பத்து வருடம் நின்றுபோனால் முதல் வகை இரண்டாம் வகையாகிவிடும்.

நின்றுபோனதற்குக் காரணங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். ஆழ்குழாய்க் கிணறு வற்றியது. மாடு குறைந்தது. நிலத்தை வாங்கிப் போட்டவர் வெளியூரில் இருக்கிறார். இப்போது அதே நிலத்தில் தென்னையோ முருங்கையோ வைக்கலாம், மறுபடி ஆடு விடலாம் என்று நினைக்கிறவர் முதலில் செய்வது ஒரு போன் போட்டு, ‘ஜேசிபி வேணுங்க’ என்பது. அந்தப் போனுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. எந்த இயந்திரம் என்பதை நம் வசதி தீர்மானிப்பதில்லை, அந்தச் செடியின் உடம்புதான் தீர்மானிக்கிறது.

சீமைக்கருவேலத்தின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும். வறண்ட நிலத்தில் விறகு வளர்க்க வேண்டும் என்று 1870களில் சென்னை மாகாண வனத்துறை இதன் விதையை வரவழைத்தது. வனப் பாதுகாவலராக இருந்த பெடோம் அதற்கு முன்கை எடுத்தவர். நினைத்ததைவிட நன்றாகவே வளர்ந்தது. காரணம் அதன் காய். இனிப்பான, வெளிர் மஞ்சள் நிறக் காயை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். உள்ளிருக்கும் கெட்டியான விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வந்து, எருவும் ஈரமும் சேர்ந்த இடத்தில் முளைக்கும். அதனால்தான் சந்தைப் பாதை, பட்டி, குளக்கரை என்று கால்நடை நின்ற இடமெல்லாம் இந்த மரம் நிற்கிறது. உலகின் மோசமான ஊடுருவல் உயிரினங்கள் நூறின் பட்டியலில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதன் நெருங்கிய இனம் ஒன்றைச் சேர்த்திருக்கிறது.

இந்த மரம் ஆக்ஸிஜனைத் தராது, காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இதன் அடியில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் செல்போனில் சுற்றும் செய்திகளை நம்ப வேண்டியதில்லை. எல்லாப் பச்சை மரத்தையும் போல இதுவும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. அவரை, துவரை குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் மண்ணில் நைட்ரஜனையும் நிலைநிறுத்துகிறது. இதன் உண்மையான கேடு வேறு: அடர்ந்து நின்று அடியில் புல் முளைக்க விடாது, மண்ணின் ஈரத்தை மற்றச் செடிகளுக்கு மிச்சம் வைக்காது, மேய வரும் மாட்டை முள்ளால் தடுக்கும். புல்லை நம்பி இருக்கிற குண்டடம் போன்ற ஊருக்கு இந்தக் கேடே போதும்.

வேலைக்கு ஆள் வைப்பவர் அறிய வேண்டிய முக்கியமான செய்தி வேரைப் பற்றியது. இதன் வேர் மிக ஆழமாகப் போகும். இதன் நெருங்கிய இனமான மெஸ்கீட் மரத்தின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டும்போது 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதும், ‘அப்புறம் எங்கே இதை அழிப்பது’ என்று கைவிடத் தோன்றும். ஆனால் அவ்வளவு ஆழம் தோண்டத் தேவையே இல்லை. மறுபடி துளிர்விடும் மொட்டுகள் ஆழத்து வேரில் இல்லை. தண்டும் வேரும் சேரும் தூரில், தரைமட்டத்திலிருந்து ஏறக்குறைய ஓர் அடிக்குள்தான் இருக்கின்றன. அந்தத் தூர் வெளியே வந்துவிட்டால் கீழே கிடக்கும் வேர் மட்கிவிடும். தூர் உள்ளே இருந்தால், மேலே எத்தனை முறை வெட்டினாலும் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டு கிளம்பும். முதலில் மரமாக நின்றது, வெட்டிய பிறகு புதராகிவிடும். அதை அகற்றுவது முன்னைவிடக் கடினம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இயந்திரங்களைப் பார்ப்போம்.

கையால் பிடித்து, தோளில் மாட்டி இயக்கும் பிரஷ் கட்டர் எல்லோரும் பார்த்ததுதான். 1971இல் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்துவிட்டு, நைலான் நரம்பைச் சுழற்றிப் புல் வெட்டும் கருவியைச் செய்தார். இன்றைக்கு நம் கடைகளில் கிடைக்கும் கட்டர்களில் நரம்புக்குப் பதில் மூன்று பல் தகடோ, ரம்பம் போன்ற வட்டத் தகடோ மாட்டலாம். ஒரு சாண் அகலத் தகடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடும். பார்த்தீனியம், ஆவாரை, கைவிரல் தடிமன் உள்ள முள்ளுக்கு இது போதும். மணிக்கட்டுத் தடிமனைத் தாண்டிய சீமைக்கருவேலத்தில் இதை வைத்தால் தகடு எகிறி, இயக்குபவரையே திருப்பி அடிக்கும். இது ஓடும்போது சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. தெறிக்கும் கல் கண்ணைக் குருடாக்கும். முகக்கவசமும் பூட்ஸும் இல்லாமல் வரும் ஆளை, கூலி குறைவு என்பதற்காக வேலைக்கு வைக்காதீர்கள்.

அடுத்தது டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ஸ்லாஷர். டிராக்டரின் பி.டி.ஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் சுழல, பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரம் அதை இரட்டிப்பாக்கி, தரைக்கு மேல் கிடைமட்டமாகக் கத்திகளைச் சுழற்றும். கத்திகள் இறுக்கி முடுக்கப்பட்டிருக்காது. கீலில் தொங்கும். கல்லிலோ தடித்த தூரிலோ மோதினால் கத்தி பின்வாங்கி மடங்கும், கியர் உடையாது. இந்த எளிய ஏற்பாட்டுடன் 1951இல் அமெரிக்காவின் அலபாமாவில் விற்பனைக்கு வந்த ‘புஷ் ஹாக்’ உலகம் முழுக்க மேய்ச்சல் நிலங்களைப் பராமரிக்கும் முறையையே மாற்றியது. இதன் பெரிய அண்ணன் மல்ச்சர். உருளை முழுக்கக் கெட்டியான கார்பைடு பற்கள் பதித்து, நிற்கிற மரத்தையே மேலிருந்து கீழாகத் தூளாக்கி அங்கேயே மண்மேல் பரப்பிவிடும். உடுமலை, பல்லடம் பக்கத் தென்னந்தோப்புகளில் மட்டை தூளாக்கும் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் வேலை உடனே புரியும். மண்ணைக் கிளறாது, குப்பையைக் குவிக்காது, கொளுத்த வேண்டிய தேவை இல்லை. உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் மூடிய நிலத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த இயந்திரம் இதுதான்.

ஆனால் ஸ்லாஷரும் மல்ச்சரும் தரைக்கு மேலே வேலை செய்பவை. சீமைக்கருவேலத்தின் தூர் தரைக்குக் கீழே. முழு நிலத்தையும் மல்ச்சர் வைத்து அழகாகச் சமன் செய்தால், அடுத்த ஐப்பசி மழைக்கு அந்தத் தூளின் நடுவே இருந்தே துளிர் வரும். ஆக, கடைசியில் பொக்லைனிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஜேசிபி நிறுவனம், 1979 முதல் ஹரியானாவின் பல்லப்கரில் இயந்திரம் தயாரிக்கிறது. முன்னால் அகலப் பக்கெட், பின்னால் தோண்டும் கை என்ற அந்த மஞ்சள் வண்டி நமக்கு ஊர்ச் சொத்தைப் போலாகிவிட்டது. இதன் வலிமை எண்ணெயில் இருக்கிறது. டீசல் எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்ற, பம்பு எண்ணெயை 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் சிலிண்டர்களுக்குள் செலுத்துகிறது. கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பார்தான் என்பதை வைத்து அளந்துகொள்ளலாம். செயின் வைத்த பெரிய பொக்லைனில், அதாவது ‘ஹிட்டாச்சி’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் வண்டியில், இந்த அழுத்தம் 300 பாரையும் தாண்டும். முள்ளுக்காட்டில் செயின் வண்டிக்கு இன்னொரு மேன்மையும் உண்டு: காய்ந்த சீமைக்கருவேல முள் டயரைத் துளைக்கும், இரும்புச் செயினை ஒன்றும் செய்யாது. ஆனால் அதைக் கொண்டுவர லாரி வேண்டும். ஓரிரு ஏக்கருக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது.

நல்ல டிரைவர் வேலை செய்வதைப் பார்ப்பது ஒரு படிப்பு. தூரைச் சுற்றி ஆழமாகக் குழி எடுக்க மாட்டார். ஒரு பக்கம் மட்டும் பக்கெட்டின் பல்லால் பக்கவேர்களை அறுப்பார். பிறகு கையை உயர்த்தி மரத்தின் மேல்தண்டில் வைத்து மெல்லத் தள்ளுவார். மரத்தின் உயரமே நெம்புகோலாகி, சாயும்போது தூரைத் தானே பெயர்த்துக்கொண்டு வரும். தூர் வெளியே வந்ததும் இரண்டு முறை உதறி மண்ணை அங்கேயே கொட்டிவிட்டு, மரத்தை ஓரம் வைப்பார். மரத்தை முதலில் அடியோடு வெட்டிவிட்டு, பிறகு தூர் எடுக்க வண்டியைக் கூப்பிட்டால் இந்த நெம்புகோல் போய்விடும். நேரமும் டீசலும் கூடும்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சீமைக்கருவேலம் விலைபோகும் சரக்கு. செங்கல் சூளைக்கும், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் பாய்லருக்கும் விறகாகப் போகிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரியாகிறது. ஆகவே, ‘நீங்க காசே தர வேண்டாங்க, நாங்களே வெட்டி எடுத்துக்கறோம்’ என்று வருகிற விறகு வியாபாரி உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வேண்டியது தண்டு. தூரால் அவருக்கு லாபம் இல்லை, ரம்பத்துக்குச் சேதம்தான். நாலைந்து வருடத்தில் மறுபடி வெட்ட வரலாம் என்பதால் தூர் இருப்பதே அவருக்கு நல்லது. நிலத்தைத் திருத்த நினைப்பவர் விறகுப் பேச்சையும் தூர்ப் பேச்சையும் தனித்தனியே பேசி, விறகில் வருவதை வண்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

வாடகை மணிக்கணக்கில். வண்டியில் ஓட்ட நேரம் காட்டும் மீட்டர் உண்டு. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் டிரைவரோடு சேர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வந்து போகும் தூரம், டிரைவர் பேட்டா, குழி மூடுவது எல்லாம் கணக்கில் சேருமா என்று முன்பே பேசிவிட வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையும் புல்டோசர், டிராக்டர், பொக்லைன்களை அரசு நிர்ணயித்த மணி வாடகைக்கு விவசாயிகளுக்கு விடுகிறது. உழவன் செயலியில் பதியலாம். வரிசை நீளமாக இருக்கும், காத்திருந்தால் மிச்சமாகும். எந்த வண்டியானாலும், ‘ஏனுங்க, தூரோட எடுக்கோணுமா, மேலாப்ல வெட்டுனாப் போதுமா?’ என்று கேட்கிற டிரைவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஜேசிபியின் முன்பக்கப் பக்கெட்டைத் தரையோடு வைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தள்ளிக் குவிக்கும் வழக்கம் உண்டு. வேலை சீக்கிரம் முடியும். பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் முள்ளோடு சேர்ந்து மேல்மண்ணும் போய்விடும். குண்டடம் வட்டாரத்தில் பல காடுகளில் ஓரிரு அடிக்குக் கீழேயே சுக்கான் பாறை. இருக்கிற அந்த மேல்மண் உருவாகப் பல நூறு வருடம் ஆகியிருக்கும். அதை வரப்பு ஓரத்தில் குவித்துவிட்டுக் கீழ்மண்ணில் தென்னை வைப்பது பெரிய இழப்பு. பின்பக்கக் கையால் ஒவ்வொரு தூராக எடுக்கச் சொல்லுங்கள். மணி கூடினாலும் பரவாயில்லை.

வண்டி வருவதற்கு முந்தைய நாள் நிலத்தின் பழைய ஆள் ஒருவரோடு சுற்றிவர வேண்டும். முதலில் தேட வேண்டியது பாழுங்கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளை முள் மூடியிருக்கும். வண்டி அதன் விளிம்புக்குப் போய்விட்டால் டிரைவரின் உயிர் போகும். பிறகு எல்லைக்கல், மண்ணுக்குள் போன பைப், தாழத் தொங்கும் மின்கம்பி. அடுத்து, நிற்க வேண்டிய மரங்கள். டிரைவருக்கு முள்மரம் எல்லாம் ஒன்றுதான். வெள்வேலின் பட்டை வெளுத்திருக்கும், பூ உருண்டையாக இருக்கும். கருவேலின் காய் மணி கோத்ததைப் போல இடையிடையே இறுகியிருக்கும். சீமைக்கருவேலின் பூ கதிர்போல நீண்டு தொங்கும். வெள்வேல், கருவேல், வேம்பு, கிளுவை வேலி எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வைத்துவிட வேண்டும். வெள்வேலின் காய்தான் கோடையில் ஆட்டுக்குத் தீனி. அதை இழந்தால் கொறங்காடு கொறங்காடாக இருக்காது. புதருக்கடியில் மயில் முட்டை இருக்கலாம், உடும்பும் முயலும் கண்ணாடி விரியனும் இருக்கலாம். நாலு பக்கமும் வளைத்துக்கொண்டு உள்ளே போகாமல், ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி மறுபக்கம் திறந்து வைத்தால் அவை தப்பிப் போக வழி இருக்கும். பட்டா எல்லையைத் தாண்டிய குளக்கரை, வாய்க்கால், புறம்போக்கில் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது மாவட்டம் மாவட்டமாக ஜேசிபிகள் இறங்கின. அதே வருடம் அந்த வேலைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழக அரசு வெளியிட்ட ஊடுருவும் தாவரங்களுக்கான கொள்கை, அகற்றுவதையும் அந்த இடத்தில் நம் தாவரங்களை மீட்டு வளர்ப்பதையும் ஒரே வேலையாக வைக்கிறது. அதுதான் சரியான வழி. வெறும் மண்ணாக விட்ட நிலத்தில் முதலில் குடியேறுவது மறுபடியும் சீமைக்கருவேலமே. அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும்.

காலம் பார்ப்பது எளிது. கோடையில் காய் பழுத்து உதிரும் முன்னே தூர் எடுத்துவிட்டால் அந்த வருட விதை மண்ணில் சேராது. ஐப்பசி மழைக்கு முன் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவிவிட வேண்டும். வெளியிலிருந்து வாங்கிவந்த ஆடுகளை ஒரு வாரம் பட்டியில் அடைத்து, வயிற்றிலிருக்கும் விதை வெளியேறிய பிறகு விட வேண்டும். மழை நின்ற மறுவாரம் ஈரமண்ணில் முளைத்த கன்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம், வேர் ஒரு சாண்தான் இருக்கும். ஓரிரு மழைக்காலம் இதைத் தவறவிட்டால் வேர் கைக்கு வராது. அப்புறம் மறுபடி பொக்லைனுக்குத்தான் போன் போட வேண்டும்.