யவனர் கொண்டுவந்த தேறல்

தலைப்பைப் பார்த்ததும் நம் சங்கத்து அன்பர்களில் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் மதுவைப் பற்றி எழுதலாமா என்று என் வீட்டம்மாவும் கேட்டாள். யாரையும் குடிக்க அழைப்பதற்காக இதை எழுதவில்லை. புறநானூறு பாடிய பொருள் அது. அதை ரயில்வேயில் வேகன் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவன் தன் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான் இக்கட்டுரை.

புறநானூற்றின் 56ஆம் பாட்டு நக்கீரனார் பாடியது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர்கள் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திப் பெண்கள் ஊட்ட, நீ இனிது வாழ்க என்கிறார். அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனர் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்புகின்றன. பள்ளிக்கூடத்தில் இவற்றை மனப்பாடம் செய்தபோது அந்தத் தேறல் எந்த ஊரிலிருந்து, எதில் ஏற்றி, எத்தனை நாளில் வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, கரமனையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் அந்தக் கேள்வி எழுந்தது.

நண்பர் வங்கியில் மேலாளராக இருந்தவர். அவர் மகனும் மருமகளும் இத்தாலியில் டூரின் நகரில் வேலை செய்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது ஆளுக்கு இரண்டு புட்டியாக நான்கு புட்டி இத்தாலிய வைன் கொண்டுவந்தார்கள். ஒருவர் இரண்டு லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்பது சுங்க விதி. இரண்டு புட்டி ஒன்றரை லிட்டர்தான். ஐப்பசி மாதம், துலாவர்ஷ இடி இடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை எங்களை அழைத்தார்கள். அழைப்போடு அண்ணியின் நிபந்தனைகளும் வந்தன. ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில் உட்கார வேண்டும். வாசல் கதவைச் சாத்தக் கூடாது. வண்டி ஓட்டி வருகிறவர் யாரும் வாயில் ஊற்றக் கூடாது. கேரளத்தில் குடிப்பதற்குச் சட்டப்படி 23 வயது நிறைய வேண்டுமாதலால், கல்லூரியில் படிக்கும் பேரனுக்கு எலுமிச்சை ஜூஸ் மட்டும். கதவைச் சாத்தாதே என்றதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் வீடுகளில் குடி என்பது என்றைக்கும் சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பதாகவே இருந்திருக்கிறது.

வந்தவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் மேல்வீட்டு அச்சாயன். பாலாக்காரர். கிறிஸ்துமஸுக்கு இருபது நாள் முன்பே அம்மச்சி பரணியில் திராட்சையும் சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் கிராம்பும் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தினம் ஒரு தடவை மரக்கரண்டியால் கிளறிய கதையை ரசித்துச் சொன்னார். அந்தத் திராட்சையில் பெரும்பகுதி மலைக்கு அப்பால் நம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக ஏறி வருவது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைதான் அது.

மற்றவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்களுக்கு எல்லாம் 'புலவர் ஐயா'. அவர் குடிக்க மாட்டார். அவருடைய தகப்பனார் நாஞ்சில் நாட்டில் இருந்த நான்கு ஏக்கர் வயலையும் சாராயக்கடையில் கரைத்தவர். அம்மாவின் காதிலிருந்த பாம்படம் அடகுக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை. 1996இல் கேரள அரசு சாராயத்தைத் தடை செய்த செய்தி வந்த அன்று, பக்கத்து மாநிலத்துச் செய்தியானாலும், அந்த அம்மாள் பாயசம் வைத்தாளாம். இப்படிப்பட்டவரை இந்த மாதிரி ஒரு மாலைக்கு அழைக்கலாமா என்று நண்பர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, என்னிடமும் கேட்டார். அழைக்காமல் விட்டால் ஒளித்துச் செய்வதாக ஆகும், அழைத்துவிட்டு அவர் விருப்பத்துக்கு விடுங்கள் என்றேன். புலவர் ஐயா வந்தார். "நான் மோந்து பார்க்கிறேன், நீங்கள் குடியுங்கள்" என்று சொல்லி ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மருமகள் அந்த ஊரில் ஒரு சிறு பயிற்சி எடுத்தவள். முதலில் கண்ணாடிக் கிண்ணத்தை வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்து நிறம் பார்க்கச் சொன்னாள். பிறகு சுழற்றி மணம். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கு முழுவதும் பரவவிட்டு, வேண்டாம் என்றால் துப்பிவிடலாம் என்று ஒரு எவர்சில்வர் சொம்பையும் வைத்தாள். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 50 மில்லிதான்.

முதலில் வந்தது வெனிஸ் பக்கத்து புரொசெக்கோ, நுரை பொங்கும் வெள்ளை வைன். அண்ணி சுட்ட மசால்வடைக்கு இது வெகு பொருத்தம். எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பும் நுரையும் கழுவிவிடுகின்றன. அடுத்தது நேப்பிள்ஸ் பகுதியான கம்பானியாவின் ஃபலாங்கீனா, இதுவும் வெள்ளை. அச்சாயன் கொண்டுவந்த நெய்மீன் வறுவல் அத்தோடு தீர்ந்தது. மூன்றாவது டஸ்கனியின் கியாந்தி கிளாசிக்கோ, சாஞ்சோவேசே என்னும் திராட்சையில் செய்த சிவப்பு. புட்டிக் கழுத்தில் கறுப்புச் சேவல் படம். கியாந்தி என்று எந்த எல்லைக்குள் விளைந்ததைச் சொல்லலாம் என்று 1716லேயே அங்கே ஆட்சி செய்த பிரபு ஆணை போட்டிருக்கிறார். இப்போது அரசாங்கம் எண்ணிட்ட காகிதப் பட்டையைப் புட்டியின் மூடிக்கு மேல் ஒட்டுகிறது. வேகன் பக்கவாட்டில் அடுத்த பழுதுபார்ப்புத் தேதியைப் பெயிண்டில் எழுதுவது போல என்று நான் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். அந்த அறை ஐரோப்பாவின் கல் வீட்டு அறை. அங்கே 16, 18 டிகிரி. நம் திருவனந்தபுரத்து அறை 30. எனவே சிவப்பையும் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பதே சரி. இல்லாவிட்டால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

நான்காவது, மறுபடியும் கம்பானியா. அல்யானிக்கோ என்னும் கருஞ்சிவப்பு. குடித்ததும் நாக்கும் ஈறும் பிடித்துக்கொண்டன. இதை ஆங்கிலத்தில் எப்படியெல்லாமோ வர்ணிக்கிறார்கள். "இதற்கு எதற்கு இத்தனை சொல்? துவர்ப்பு" என்றார் புலவர் ஐயா, முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு, எங்கள் முகக் கோணலைக் கண்டு. ஆறு சுவையில் ஒன்றாக அதை எண்ணி வைத்தவர்கள் நாம். வாழைப்பூ, பாக்கு, மாதுளந்தோல், அதிகம் கொதித்த தேயிலை, எல்லாவற்றிலும் இருக்கும் டானின் இதிலும் இருக்கிறது. திராட்சைப் புளிப்பின் முக்கியமான அமிலமான டார்டாரிக் அமிலம்தான் நம் குழம்புப் புளியிலும் இருப்பது. துவர்ப்பும் மிளகாயும் ஒத்துப்போகா. அண்ணியின் காரச் சட்னியோடு அந்த வைன் சண்டை போட்டது. மிளகு போட்டு வறுத்த முந்திரியோடு சமாதானமாயிற்று. சில சிவப்பு வைன்களில் மிளகு வாசனை அடிப்பதற்குக் காரணமான ரொட்டுண்டோன் என்னும் பொருள்தான் மிளகின் மணத்துக்கும் காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். மகன் இதைச் சொன்னதும்தான் புலவர் ஐயா முசிறியை எடுத்தார். "அங்கிருந்து தேறல் வந்தது, இங்கிருந்து மிளகு போனது. பாட்டிலும் இருக்கிறது, இப்போது பாட்டிலிலும் இருக்கிறது" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இதைப் பற்றியே படித்தேன். எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்கன் பரவூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்ற கிராமம். கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் பி. ஜே. செறியான் தலைமையில் 2007இல் அங்கே அகழத் தொடங்கியது. ஆம்ஃபோரா என்னும் இரண்டு கைப்பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. இதுதான் முசிறியா என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு; துறைமுகம் ஒன்று இருந்தது என்பதில் இல்லை. ஓடுகளில் சில கிரேக்கத் தீவான கோஸ் பக்கத்தவை, சில எகிப்து, சில மெசபடோமியா. ஒரு பகுதி கம்பானியா. எப்படித் தெரியும்? களிமண்ணில் கலந்திருக்கும் கறுப்பு மணல். வெசூவியஸ் எரிமலை கக்கிய மணல் அது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சிறு கறுப்புப் படிகங்களாக மின்னும். எங்கள் இரண்டாவது, நான்காவது புட்டிகள் பிறந்த அதே வட்டாரம்!

அந்தப் பக்கத்துத் துறைமுகம் அக்காலத்தில் புத்தேயோலி, இன்றைய பொட்சுவோலி. அங்கே கிடைத்த எரிமலைச் சாம்பலின் பெயர்தான் பொஸலானா. வீடு கட்டும்போது நாம் வாங்கும் பி.பி.சி. சிமெண்ட்டின் நடு 'பி' அந்த ஊர்ப் பெயர். சிவில் நண்பர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இனி என் தொழில் பார்வை. சரக்கு வண்டியில் முக்கியம் டேர், அதாவது வெற்று எடை. நம் பாக்ஸ்-என் வேகன் சுமார் 22.5 டன் எடையில் 58 டன் சரக்கைச் சுமக்கும். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டில் இத்தாலியர் பயன்படுத்திய பழைய சாடியில் சுமார் 25 லிட்டர் வைன் கொள்ளும். வெற்றுச் சாடியின் எடையும் ஏறக்குறைய 25 கிலோ. பாதிக் கப்பல் மண்பாண்டம்! பிறகு கோஸ் தீவின் சாடியைப் பார்த்து, இரட்டைக் கம்பி போன்ற கைப்பிடியும் மெல்லிய சுவரும் உள்ள புது வடிவத்துக்கு மாறினார்கள். அதே 26 லிட்டர், எடை 15 கிலோ அளவு. இன்றைய 750 மில்லி கண்ணாடிப் புட்டி அரைக் கிலோ இருக்கிறது. கணக்குப் பார்த்தால் அந்த மண்சாடி இதைவிட மேல். அடி கூராக இருப்பதும் காரணமாகத்தான். கீழ் வரிசைத் தோள்களுக்கு இடையில் மேல் வரிசையின் கூர்முனை இறங்கி, ஒன்றையொன்று அசையாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே பைன் மரப் பிசின் பூச்சு. கெடாமலிருக்கச் சிலவற்றில் கடல் நீரும் கலப்பார்கள். நக்கீரனார் சொன்ன நறுமணத்தில் பிசின் வாசனையும் சேர்ந்தே இருந்திருக்கும்.

வழியை பிளினி எழுதிவைத்திருக்கிறார். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து நைல் நதியில் கோப்டோஸ் வரை 12 நாள். அங்கிருந்து ஒட்டகத்தில் செங்கடல் துறை பெரனிகேக்கு 12 நாள். கோடை நடுவில் கப்பல் ஏறி, செங்கடல் வாயிலுக்கு 30 நாள். தென்மேற்குக் காற்றைப் பிடித்தால் முசிறிக்கு 40 நாள். மீட்டர் கேஜ் வண்டியிலிருந்து பிராட் கேஜுக்கு மூட்டை மாற்றும் டிரான்ஷிப்மெண்ட் யார்டுகளைப் பார்த்தவன் நான். ஒவ்வொரு மாற்றத்திலும் எத்தனை உடையும் என்று தெரியும். இத்தாலியக் கப்பலிலிருந்து படகு, படகிலிருந்து ஒட்டகம், ஒட்டகத்திலிருந்து மறுபடி கப்பல். இந்தக் கணக்கை எழுதிய பிளினி, கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது அதைப் பார்க்கப் படகில் போய் அங்கேயே இறந்தார். நம் ஊருக்குப் பக்கத்து விழிஞ்ஞத்தில் 2025 மே 2ஆம் தேதி அர்ப்பணிக்கப்பட்ட துறைமுகமும் டிரான்ஷிப்மெண்ட் துறைமுகம்தான் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அத்தனை பாடுபட்டு வந்ததில் ஏழை குடித்திருக்க வழியில்லை. அதே முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்க வணிகக் குறிப்பு, முசிறிக்கு வைன் கொஞ்சம்தான் போகும் என்கிறது. பாண்டியனுக்குப் பொற்கிண்ணத்தில் ஊட்டியது அந்தக் கொஞ்சத்தில் ஒரு பங்கு. அரசனும், துறையில் தங்கிய யவன வணிகனும் குடித்தது போக மிச்சமில்லை. "அதனால்தான் அது பாட்டில் அழகாக இருக்கிறது. எங்கள் அப்பா குடித்ததை யாரும் பாடவில்லை" என்று புலவர் ஐயா அன்று சொன்னார். சில நொடி யாரும் பேசவில்லை. அச்சாயன் தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாஷே, ஈ சங்கதி ஞான் மறக்கில்ல" என்றார்.

ஒரு கணக்கை மட்டும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வைன் வெறும் பழச்சாறு, இதயத்துக்கு நல்லது என்று வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பெற்றோருக்குப் பாடம் சொல்லுகிறார்கள். அன்று நாங்கள் குடித்தது ஆளுக்கு 200 மில்லி. நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் என்றால் அதில் சாராயச் சத்து 25 மில்லி. கடையில் விற்கும் பிராந்தியில் அது 42.8 வீதம், 60 மில்லி 'லார்ஜ்' ஒன்றில் ஏறக்குறைய அதே 25 மில்லி. துளித்துளியாக, பலகாரத்தோடு, மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே குடித்ததால் தலைக்கு ஏறவில்லையே தவிர, ஈரலுக்குக் கணக்கு ஒன்றுதான். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்ததை மகனிடம் காட்டினேன். அவன் மறுக்கவில்லை. அடுத்த தடவை இரண்டு புட்டி போதும் என்றான். ஆளுக்கு நாலு துளி என்றாலும் சரி, ஆனால் மணம் பார்க்க வேண்டும் என்று சொன்னது, ஆச்சரியம், புலவர் ஐயா. ஃபலாங்கீனாவில் எலுமிச்சை இலை வாசனையையும், கியாந்தியில் காய்ந்த புகையிலையையும் முதலில் பிடித்தவர் அவர்தான். குடித்த நாங்கள் ஏழு பேரும் பிறகுதான் தலையாட்டினோம்.

பட்டணம் போய்ப் பார்க்க விரும்பும் அன்பர்கள் ஆலுவாயில் ரயிலை விட்டு இறங்கி, வடக்கன் பரவூருக்கு பஸ் பிடிக்கலாம். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கட்டும்.