பச்சை விரிப்பில் ஒரு பொறுமைசாலி

இந்தியாவுக்கு முதன்முதலில் உலகப் பட்டம் வாங்கித் தந்த ஆட்டக்காரர் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் கிரிக்கெட்காரர் பெயரையோ சதுரங்க ஆனந்தையோ சொல்வார்கள். ஆனந்த் பிறப்பதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, 1958 இல், கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றவர் வில்சன் ஜோன்ஸ். 1922 இல் புனாவில் பிறந்த ஆங்கிலோ இந்தியர்.

அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவர் பெருமை விளங்கும். மேஜை 12 அடி நீளம், சுமார் 6 அடி அகலம். துணிக்கு அடியில் கனமான கல்பலகை. ரயில்வே இன்ஸ்டிட்யூட்களில் இருந்த பழைய மேஜைகளை ரசமட்டம் வைத்துச் சமன் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தண்டவாளத்துக்கு மட்டம் பார்ப்பதைவிட அது நுணுக்கமான வேலை! பந்துகள் மூன்றே மூன்று. ஆளுக்கொரு வெள்ளைப் பந்து, பொதுவாக ஒரு சிவப்பு. நம் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் 2 புள்ளி. சிவப்பைக் குழியில் தள்ளினாலும், சிவப்பில் பட்டு நம் பந்தே குழியில் விழுந்தாலும் 3. வெள்ளைக்கு 2. கேரம் ஆடுகிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அங்கே ஸ்ட்ரைக்கர் விழுந்தால் அபராதம், இங்கே பரிசு.

இதில் 'ஹாஃப் பால்' என்று ஒரு அடி உண்டு. எதிர்ப் பந்தின் விளிம்பைக் குறிவைத்து, பாதிப் பந்து மட்டும் மோதும்படி அடிப்பது. உருண்டு போகும் பந்து அப்போது ஏறக்குறைய 33 டிகிரி விலகும். இதன் விசேஷம் என்னவென்றால், குறி மயிரிழை தவறினாலும் விலகும் கோணம் பெரிதாக மாறுவதில்லை. மற்றக் கோணங்களில் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே கெட்டிக்கார ஆட்டக்காரர் கடினமான அடியைத் தேடிப் போவதில்லை. ஒவ்வொரு அடியிலும், அடுத்த அடி சுலபமாக அமையும்படி பந்துகளை நிறுத்திவிட்டு வருகிறார். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு எல்லாம் சுலபம் போலவே தெரியும். கைதட்டல் குறைவு, புள்ளி அதிகம்.

ஜோன்ஸின் வாழ்க்கையும் அப்படித்தான். 1950 முதல் 1966 வரை தேசிய பில்லியர்ட்ஸ் பட்டம் 12 முறை. (ஸ்னூக்கரிலும் தேசியப் பட்டங்கள் உண்டு. அந்த ஸ்னூக்கருக்கு விதிமுறை உருவானது நம் உதகமண்டலம் கிளப்பில்தான்!) ஆனால் உலகப் பட்டம் எளிதில் வரவில்லை. 1951 இல் லண்டன் போய் வெறுங்கையோடு திரும்பினார். பட்டம் ஆஸ்திரேலியாவின் ராபர்ட் மார்ஷலுக்கு. 1952 இல் போட்டி கல்கத்தாவுக்கே வந்தது. வென்றவர் இங்கிலாந்தின் லெஸ்லி டிரிஃபீல்ட். ஆறு ஆண்டு கழித்து அதே கல்கத்தாவில் ஜோன்ஸ் வென்றார். 1962 இல் பெர்த் நகரில் மறுபடியும் மார்ஷல். நாற்பது வயதாயிற்று, போதும் என்று கோலை மூலையில் சாத்தியிருக்கலாம். 1964 இல் நியூசிலாந்து போய் இரண்டாம் முறை பட்டத்தோடு வந்தார்.

அமெச்சூர் ஆட்டம் என்பதால் பணமுடிப்பு எதுவும் இல்லை. அர்ஜுனா விருதும் 1965 இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. ஆடியது மூடிய அறைக்குள். பார்த்தவர்களோ சில நூறு பேர். தெருவில் ஆட முடியாத ஆட்டம் என்பதால்தான் அவர் பெயர் தெருவுக்கு வரவில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் அவருக்குப் பின்னால் மைக்கேல் ஃபெரேரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று இந்த ஒரு ஆட்டத்தில் நமக்கு உலகச் சாம்பியன்கள் வரிசையாக வந்திருக்கிறார்கள்.

ஓய்வுக்குப் பின் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதற்காக 1996 இல் துரோணாச்சாரியார் விருது. 2003 இல் காலமானார்.